எழுத்தாளர் எந்தத் தெருவுக்கு வருகிறார்?

திண்டுக்கல் புத்தகத் திருவிழா முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட மறுநாள். எங்கள் காலனியில் நடக்கும் மாலை வகுப்பில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர்களைப் பள்ளியில் இருந்து வேன் வைத்துத் திருவிழாவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் அரங்குகளைச் சுற்றிப் பார்த்தவர், அம்மா கொடுத்த ஐம்பது ரூபாய்க்கு ஒரு சிறுகதைப் புத்தகம் வாங்கியிருக்கிறார். எழுத்தாளர்கள் மேடையில் பேசுவது மாலையில்தான். அதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

“சார், இந்தப் புத்தகத்த எழுதுனவங்க இங்க வருவாங்களா?”

“நம்ம ஊருக்கா?” என்று கேட்டேன்.

“ஊருக்கு இல்ல சார், நம்ம தெருவுக்கு.”

கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இந்தத் திருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஊர் வேறு, தெரு வேறு. பேருந்து நிற்கும் இடம் ஊர். அதில் இருந்து இறங்கி, மந்தையைக் கடந்து, ஓடையைத் தாண்டி நடந்தால் வருவது நம் தெரு. தேர்தலில் ஓட்டுக் கேட்பவர்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தூரத்தைக் கடக்கிறார்கள். நம் வாழ்க்கையை எழுதி விருது வாங்கும் எழுத்தாளர்கள் கடக்கிறார்களா? அவர்களை அழைக்க வேண்டிய நாம் அழைத்திருக்கிறோமா? அந்த மாணவியின் கேள்வியில் இருந்து என்னால் எளிதில் தப்பிக்க முடியவில்லை.

நல்லதை மறைக்க வேண்டாம்

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாவட்ட நிர்வாகமும் திண்டுக்கல் இலக்கியக் களமும் சேர்ந்து நடத்தும் புத்தகத் திருவிழா இந்த மாவட்டத்துக்குக் கிடைத்த நல்ல விஷயங்களில் ஒன்று. பூட்டுக்கும் தோலுக்கும் பெயர் பெற்ற ஊரில் பத்து நாள் புத்தகத்துக்காகக் கூட்டம் கூடுகிறது. சென்னைக்குப் போக முடியாதவர்கள் நூற்றுக்கணக்கான பதிப்பகங்களின் நூல்களைத் தொட்டுப் பார்க்கிறார்கள். 2022-க்குப் பிறகு தமிழ்நாடு அரசு எல்லா மாவட்டங்களுக்கும் புத்தகத் திருவிழாவைக் கொண்டுபோனது. அதே ஆண்டு நவம்பரில் நெல்லையில் பொருநை இலக்கியத் திருவிழா தொடங்கியது. அதைத் தொடர்ந்து வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆற்றின் பெயர்களில் இலக்கியத் திருவிழாக்கள் நடந்தன. அவற்றின் மேடைகளில் தலித் எழுத்தாளர்களும் ஏறினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதை நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் சிறப்புரை முடிய ஒன்பது ஆகிறது. குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமத்துக்கோ, நத்தம் பக்கத்துக் கிராமத்துக்கோ அதற்குப் பிறகு பேருந்து கிடைப்பது அதிர்ஷ்டம். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிப்பவர்கள் விடியும் முன்பே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்க வேண்டியவர்கள். வேடசந்தூர் நூற்பாலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஷிப்ட் முடிவதே வேறு நேரம். தோல் ஷாப்பில் நாள் முழுக்கச் சுண்ணாம்பிலும் சாயத்திலும் நின்றவர், குளித்து உடை மாற்றி மைதானத்துக்கு வருவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். நம் மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அவர்களில் பெரும்பாலானோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். திருவிழா அவர்களை வராதே என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வரக்கூடிய நேரத்தையும் இடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அப்படியே வந்தாலும் மேடையில் என்ன கிடைக்கிறது? பல விழாக்களில் ‘தலித் இலக்கியம்’ என்று ஓர் அமர்வு இருக்கும். பெரும்பாலும் மதிய வெயிலில் இருக்கும். அதில் பேசுபவரிடம் வலியைப் பற்றிக் கேட்பார்கள், அவமானத்தைப் பற்றிக் கேட்பார்கள். அவர் கதையை எப்படிக் கட்டுகிறார், பேச்சு வழக்கை ஏன் தேர்ந்தெடுத்தார், அவருடைய பகடி எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர் குறைவு. தமிழ் முதுகலை படித்தவன் என்ற முறையில் எனக்கு இது கூடுதலாக உறுத்தும். வலியை மட்டும் கேட்டு அனுப்புவது, விருந்துக்கு அழைத்துத் திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போடுவதைப் போன்றது.

1893-இல் நடந்த இரண்டு தொடக்கங்கள்

நம் மாவட்டத்து மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஆண்டு 1893. நம் வத்தலக்குண்டில் 1872-இல் பிறந்த பி.ஆர்.ராஜமய்யர், அந்த ஆண்டில்தான் ‘விவேக சிந்தாமணி’ இதழில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ நாவலைத் தொடராக எழுதத் தொடங்கினார். தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒன்று அது. மதுரைச் சீமைக் கிராமம் ஒன்றின் அக்ரகார வாழ்க்கையை அவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன நூல்.

அதே 1893-இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். எந்தச் சொல்லை வைத்து இழிவு செய்தார்களோ அந்தச் சொல்லையே தலைப்பில் அச்சடித்து வீதிக்குக் கொண்டுவந்தார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். ஒரு பைசா கொடுத்தால் வாங்கிப் படிக்கலாம் என்ற விலையே அதன் பெயராக இருந்தது.

பள்ளியில் நமக்கு முதல் செய்தியைச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவது செய்தியை நான் பல்கலைக்கழகம் முடித்த பிறகுதான் நானாகத் தேடிப் படித்தேன். ராஜமய்யரைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வத்தலக்குண்டுக்காரர்கள் அவரை நினைத்துப் பெருமைப்படத்தான் வேண்டும். ஒரே ஆண்டில் நடந்த இரண்டு தொடக்கங்களில் ஒன்று பாடப் புத்தகத்துக்குள்ளும் மற்றொன்று வெளியிலும் ஏன் நின்றது என்று மாணவர்கள் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க இடம் கொடுப்பதுதான் எழுத்தாளர் கூட்டத்தின் வேலை.

மேடை கிடைக்காதபோது

ஒடுக்கப்பட்டோர் தங்கள் மேடையைத் தாங்களே போட்டுக்கொண்ட வரலாறு நீண்டது. 1885-இல் மராத்தி எழுத்தாளர்கள் கூட்டத்துக்கு வருமாறு மகாதேவ கோவிந்த ரானடே, ஜோதிராவ் புலேயை அழைத்தார். புலே மறுத்துக் கடிதம் எழுதினார். சூத்திரர், அதிசூத்திரர் படும் பாட்டை ஏற்றுக்கொள்ளாதவர்களின் கூட்டத்தில் தங்களுக்கு என்ன வேலை இருக்கிறது, எங்கள் வழியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பது அதன் சாரம். பின்னர் 1958-இல் பம்பாய் தாதரில் முதல் தலித் இலக்கிய மாநாடு நடந்தது. அதைத் தொடங்கிவைத்தவர் அண்ணா பாவு சாத்தே. பள்ளிப் படிப்பு அனேகமாக இல்லாதவர், ஆலைத் தொழிலாளியாக இருந்தவர், மக்கள் முன் பாடிப் பாடியே எழுத்தாளர் ஆனவர்.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். சாதி இழிவால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட டொமினிக் ஜீவா, தன் குடும்பத்தின் முடிதிருத்தும் கடையையே எழுத்தாளர்கள் கூடும் இடமாக ஆக்கினார். 1966-இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கி, கையில் தூக்கிக்கொண்டு போய் வாசகர்களிடம் விற்றார். கே.டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் பேசும் காலமும் அதுதான். கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் நுழைவதற்கு அங்கே ஒடுக்கப்பட்டோர் போராடிய காலம். தேநீர்க் கடையில் சமமாக உட்கார முடியாதவர்கள், முடிவெட்டும் நாற்காலிகளுக்கு நடுவே இலக்கியத்துக்குச் சமமான இருக்கை போட்டார்கள்.

இங்கே நம் பக்கத்திலும் அப்படி நடந்திருக்கிறது. 1990-களில் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலை விழாக்களை நடத்தியது. பறட்டை என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவுவின் பாட்டுகள் கிராமம் கிராமமாகப் போயின. திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி கலைக்குழு, சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பறையைத் தலித் பெண்களின் கையில் கொடுத்து ஊர் ஊராக அடிக்கவைத்தது. தமுஎகச நடத்திய கலை இலக்கிய இரவுகளில் எங்கள் தலைமுறை விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய்க் கவிதை கேட்ட கூட்டம் அது. அண்மை ஆண்டுகளில் நீலம் பண்பாட்டு மையம் ‘வேர்ச்சொல்’ என்ற பெயரில் தலித் இலக்கியக் கூடுகையை நடத்திவருகிறது. இந்த வரிசையில் அடுத்து வர வேண்டியது நம் காலனித் தெருதான்.

ஒரு சாயங்காலத்தின் கதை

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நிலக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பெண் கவிஞரை அழைத்தோம். திருவிழாவில் பேசுவதற்காக வந்தவர், மறுநாள் ஒரு சாயங்காலத்தை எங்களுக்குக் கொடுத்தார். ஊரின் பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கே நடத்துவது என்பதில்தான் முதல் சிக்கல். மந்தையில் நடத்தலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். அது பொது இடம், வரி எல்லோரும்தான் கட்டுகிறோம் என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் இருவர் வந்து, “கூட்டம் போடுங்கப்பா, வேணாங்கல. ஆனா எதுக்கு மந்தையில? அங்கன உங்க பக்கத்துலயே எடம் கெடக்குதுல்ல” என்று பதமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மிரட்டல் எதுவும் இல்லை. மறுநாள் காலையில், மைக் செட்டுக்கு முன்பணம் வாங்கியவர் வேறு ஊரில் வேலை வந்துவிட்டது என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். எந்தப் புகார் மனுவிலும் எழுத முடியாத மறுப்பு அது. கிராமத்தில் தீண்டாமை இப்போது பெரும்பாலும் இந்த மென்மையான குரலில்தான் பேசுகிறது.

கடைசியில் காலனியில், மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் இருந்த வேப்ப மரத்தடியில் நடத்தினோம். மைக் இல்லை. ஒரு வீட்டில் இருந்து வயர் இழுத்து இரண்டு பல்பு கட்டினோம். காலையில் பூப்பறிக்கப் போக வேண்டும் என்பதால் ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும் என்று பெண்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பொன்னாடை இல்லை, பிளக்ஸ் இல்லை, வரவேற்புரையில் முப்பது பேரை ‘அவர்களே’ போட்டு விளிக்கவும் இல்லை. கவிஞர் பாயில் உட்கார்ந்து நாலு கவிதை வாசித்தார். தன் அம்மாவைப் பற்றிப் பேசினார்.

அவர் முடித்ததும் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா கேட்டார்: “ஏத்தா, எங்க பாட்ட அப்படியே எழுதியிருக்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க அழுகுறது மட்டுந்தான் ஒன் கண்ணுல பட்டுச்சா? பூக்காட்டுல நாங்க சிரிக்கிற சிரிப்பு ஒனக்குத் தெரியுமா?”

கூட்டம் சிரித்தது. கவிஞரும் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இல்லம்மா, அத நான் எழுதல. நீங்க சொல்லுங்க” என்றார். அதன் பிறகு முக்கால் மணி நேரம் அந்த அம்மாக்கள்தான் பேசினார்கள். தோட்டக்காரரைக் கேலி செய்து கட்டிய பாட்டு, தராசில் எடை குறைப்பவருக்கு வைத்த பட்டப்பெயர், மாமியார் மருமகள் சண்டை, எல்லாம் வந்தன. கவிஞர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அந்தப் பாட்டுகளைத் தன் பெயரில் போடக் கூடாது என்று ஒரு மாணவன் எழுந்து சொன்னான். அவர் ஒப்புக்கொண்டார்.

தலித் இலக்கியம் பற்றி நான் படித்த பல விமர்சனக் கட்டுரைகள் அன்று அந்த அம்மா கேட்ட கேள்வியைக் கேட்டதில்லை. புத்தகத் திருவிழா மேடையில் அதை அவரால் கேட்டிருக்க முடியாது. அங்கே கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்திருந்தாலும், அந்த மைதானத்தில் அவர் பார்வையாளர். வேப்ப மரத்தடியில் அவர் வீட்டுக்காரி, எழுத்தாளர் விருந்தாளி.

பாமாவுக்கு நடந்தது

சொந்தத் தெருவுக்கு வருவது எழுத்தாளருக்கும் எளிதல்ல. விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்கு அருகே உள்ள புதுப்பட்டியில் பிறந்த பாமா, 1992-இல் ‘கருக்கு’ நூலை வெளியிட்டார். தன் ஊரை, தன் தெருவை, தன் மக்களின் பேச்சை அப்படியே எழுதினார். ஊர்க்காரர்களுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நம் வீட்டு விஷயத்தைச் சந்திக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று நினைத்தார்கள். பல மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகுதான் இது நம் கதை, நமக்காக எழுதப்பட்ட கதை என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த நூல் உலகம் சுற்றியது.

இதே பாமாவின் ‘சங்கதி’யின் மொழிபெயர்ப்பையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் 2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இருந்து நீக்கியது. மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையும் அப்போது நீக்கப்பட்டது. பாடத்திட்டம் ஒரு குழு கூடினால் வரும், இன்னொரு குழு கூடினால் போகும். தெருவில் வாசிக்கப்பட்டு, கோபப்பட்டு, சண்டை போட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்ட நூலை எந்தக் குழுவாலும் நீக்க முடியாது. நம் மக்களிடம் நூல் போய்ச் சேர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். நம்மை எழுதும் நூலுக்கு நம் தெருவே முதல் வாசகராகவும் முதல் விமர்சகராகவும் இருக்க வேண்டும்.

எதிர்க்கேள்விகள் இரண்டு

‘காலனிக்குள்ளேயே நடத்தினால் அது இன்னொரு ஒதுக்கல் ஆகிவிடாதா?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. காலனியில் நடத்துவது ஊர்க்காரர்களுக்குக் கதவைச் சாத்துவதற்காக அல்ல. இத்தனை காலம் எந்த நிகழ்ச்சிக்கும் நாம்தான் அங்கே போய் ஓரமாக நின்றோம். ஒருமுறை அவர்கள் இங்கே வந்து நம் பாயில் உட்காரட்டும், நம் வீட்டுத் தேநீரைக் குடிக்கட்டும். அன்றைய கூட்டத்துக்கு ஊர்த்தெருவில் இருந்து நாலு கல்லூரி மாணவர்களும் ஒரு டீச்சரும் வந்தார்கள். கடைசி வரை இருந்தார்கள், தேநீரும் குடித்தார்கள். சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் எங்கள் ஊரில் அது ஒரு செய்தி.

இன்னொரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் தெரு என்று சொல்லும்போது யார் தெருவைச் சொல்கிறோம்? நம் மாவட்டத்தில் பள்ளர் தெருவும் பறையர் தெருவும் அருந்ததியர் தெருவும் தனித்தனியாக இருக்கின்றன. ஒரு தெருவுக்கு வந்த எழுத்தாளரை அடுத்த தெருவுக்கு அழைத்துப் போக நமக்குள்ளேயே தயக்கம் இருக்கிறது. அருந்ததியர் வாழ்க்கையை எழுதும் மதிவண்ணன் போன்றவர்களின் நூல்கள் மற்ற தலித் தெருக்களில் எத்தனை வாசிக்கப்பட்டிருக்கின்றன? நம் இயக்கக் கூட்டங்களிலும் மேடை முழுக்க ஆண்கள்தான். வெள்ளைச் சட்டை, பெரிய பிளக்ஸ், அதில் முப்பது முகம். எழுத்தாளர் பேசப் பத்து நிமிடம், தலைவர் பேச ஒரு மணி நேரம். ஊர் மேடையின் கெட்ட பழக்கங்களை எல்லாம் சேரி மேடைக்கும் கொண்டுவந்துவிட்டு அதை மாற்று மேடை என்று சொல்ல முடியாது. நானும் அப்படிப்பட்ட மேடைகளில் உட்கார்ந்தவன்தான். மற்றவரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள்

இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டின் 12,600-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள். நம் மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள், 306 ஊராட்சிகள். நான் சுற்றிய ஊர்களில் அந்த நூலகக் கட்டடங்கள் பலவற்றில் பூட்டுத் தொங்குகிறது. சிலவற்றில் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் பழைய குழல் விளக்கும் கிடக்கின்றன. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பூட்டு தொங்கக் கூடாத இடம் ஒன்று உண்டு என்றால் அது நூலகம்.

1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. தொகுப்பு வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார். ரசீதை எடுத்துப் பாருங்கள். ஆகவே நூலகத்தைத் திறக்கச் சொல்வது சலுகை கேட்பதாகாது.

பக்கத்துக் கேரளத்தில் 1945-இல் பி.என்.பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். இன்று அங்கே ஆயிரக்கணக்கான கிராம நூலகங்கள் உள்ளூர்க் குழுக்களால் நடத்தப்படுகின்றன. எழுத்தாளர் ஒருவர் கிராம நூலகத்துக்கு வந்து பேசுவது அங்கே அன்றாடச் செய்தி. நம்மிடமும் அந்த மரபு இல்லாமல் இல்லை. வத்தலக்குண்டு என்றதும் நினைவுக்கு வரும் சி.சு.செல்லப்பா, தான் வெளியிட்ட புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவர் ஏறி இறங்கிய படிகள் கல்லூரிப் படிகள். இனி அந்த மூட்டை காலனிக்கும் வரட்டும்.

என்ன செய்யலாம்?

திருவிழாக் குழுவுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் என் வேண்டுகோள் இது. திருவிழாவுக்கு வரும் எழுத்தாளர்களில் 14 பேரை, ஒன்றியத்துக்கு ஒருவர் என்று, ஒரு சாயங்காலம் கிராமத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கூட்டம் காலனித் தெருவிலோ, அங்கே உள்ள சமுதாயக் கூடத்திலோ நடக்கட்டும். நேரத்தை அந்தத் தெருப் பெண்கள் முடிவு செய்யட்டும். எழுத்தாளருக்கு உரிய மதிப்பூதியத்தையும் பயணச் செலவையும் கொடுங்கள். நம் ஆள்தானே, சும்மா வருவார் என்று நினைக்காதீர்கள். ஆதிதிராவிடர் நலத் துறையின் விடுதிகளில் ஒரு மாலையாவது அவர்கள் மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். வேன் வைத்துப் பிள்ளைகளை அழைத்துவருகிறவர்கள், எழுத்தாளர் பேசி முடிக்கும்வரை அந்த வேனை நிறுத்திவையுங்கள்.

நம் மக்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நாட்கள் உண்டு. ஊரக வேலை, குடிநீர் ஆகியவற்றோடு, நூலகத்தைத் திறந்து நேரம் குறித்துப் பலகை வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தையும் எழுதிக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்தாளர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் பாட்டுக் கட்டும் ஆத்தா இருக்கிறார், பறையடிக்கும் தாத்தா இருக்கிறார், தோல் ஷாப்பில் முப்பது ஆண்டு உழைத்தவர் இருக்கிறார். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள். யார் சொன்னது என்று பெயரையும் எழுதுங்கள். நூலாக்கும் அளவுக்கு வந்தால், ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்களின் படைப்புகளை வெளியிட அரசின் நிதியுதவித் திட்டம் இருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள்.

அந்தப் பத்தாம் வகுப்பு மாணவிக்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. அவர் வாங்கிய புத்தகத்தை எழுதியவருக்கு, அந்த மாணவியையே ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறார். பேருந்து எண், இறங்க வேண்டிய நிறுத்தம், ஓடைப் பாலம், வேப்ப மரம் என்று வழி முழுவதையும் குறித்திருக்கிறார். கடைசியில், “ராத்திரி கடைசி பஸ் போயிட்டா எங்க வீட்டுலயே தங்கிக்கலாம்” என்று முடித்திருக்கிறார்.

கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டேன். பதில் வரும் என்று நம்புகிறேன். அதற்குள் நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.